பின்பக்க வரலாறு

சென்னையில் டிவி வந்த கதையை எழுதியவர்கள் எல்லோருமே டிவிக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு எழுதிவிட்டார்கள். முன்னால் என்ன இருக்கிறது? ஒளியும் ஒலியும் இருக்கிறது, ராமாயணம் இருக்கிறது, மாமியாரும் மருமகளும் இருக்கிறார்கள். போர் நடந்ததெல்லாம் பின்பக்கம். ராஜ்யங்கள் எழுந்ததும் விழுந்ததும் அங்கேதான். ஒட்டடை படிந்ததும் அங்கேதான். அந்தப் பின்பக்கத்துக்கு ஒரு தலைநகரம் உண்டு. சிந்தாதிரிப்பேட்டை.

மயிலாப்பூர்க்காரர்கள் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அவர்களுக்குக் கபாலி இருக்கிறார், சபா இருக்கிறது, டிகிரி காபி இருக்கிறது. தி. நகருக்குப் பாத்திரக்கடையும் பட்டுக்கடையும் இருக்கின்றன. எங்களுக்கு மூன்று பக்கம் கூவம், மிச்சப் பக்கம் மவுண்ட் ரோடு. ஆனால் மயிலாப்பூர் டிவியில் படம் போனாலும், தி. நகர் ஹோம் தியேட்டரில் சத்தம் நின்றாலும், அடையாறு மாப்பிள்ளை அமெரிக்காவிலிருந்து தூக்கிவந்த பெட்டிக்கு ஒயர் பொருந்தாவிட்டாலும், எல்லோரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு கடைசியில் வந்து நிற்கிற இடம் ரிச்சி தெரு. ரிச்சி தெரு எங்கள் எல்லைக்குள் இருக்கிறது.

ஊர் பிறந்ததே இழுத்துக் கட்டுவதற்காகத்தான். 1734ல் கவர்னர் ஜார்ஜ் மார்ட்டன் பிட்டுக்குத் துணி வேண்டியிருந்தது. கம்பெனியின் தலைமை வணிகராக இருந்து செல்வாக்கு இழந்த சுங்குராம செட்டியாரின் தோட்டம் கண்ணில் பட்டது. தோட்டத்தை எடுத்துக்கொண்டு நெசவாளர்களைக் கொண்டுவந்து குடிவைத்தார். அன்றைக்கு இங்கே வீட்டுக்கு வீடு ஓடியது பருத்தி நூல். இருநூற்றைம்பது வருஷம் கழித்து வீட்டுக்கு வீடு செம்புக் கம்பி ஓடியது. இரண்டிலும் லாபம் வேறு ஊர்க்காரனுக்குப் போனது.

1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னைக்கு டிவி வந்தது. ரேடியோவுக்குக் கட்டியது போலவே இதற்கும் தபால் ஆபீசில் லைசென்ஸ் கட்ட வேண்டும். மெட்ராசிலேயே தயாரான சாலிடேர், டயனோரா பெட்டிகள் மரக் கூண்டுக்குள் தள்ளுகதவோடு வந்தன. கதவுக்குப் பூட்டு, சாவி வீட்டுப் பெரியவரிடம். டிவியைப் பூட்டி வைத்த அந்தப் பெரியவர்கள் தீர்க்கதரிசிகள் என்பது பின்னாளில் மெகா சீரியல் வந்தபோதுதான் புரிந்தது.

பின்பக்கத்தில் அப்போது சத்தியயுகம். இரண்டே இரண்டு ஸ்க்ரூ. மொட்டைமாடி ஆண்டெனாவிலிருந்து பட்டையாக ஒரு ஒயர் இறங்கி வரும். அதன் இரண்டு கம்பியையும் இரண்டு ஸ்க்ரூவில் சுற்ற வேண்டும். எந்தக் கம்பி எந்த ஸ்க்ரூவில் என்பதில் அண்ணன் தம்பிக்குள் பேச்சுவார்த்தை நின்றுபோன குடும்பங்கள் உண்டு. உண்மையில் அந்த 300 ஓம் பட்டை ஒயரை எப்படி மாட்டினாலும் ஒன்றுதான். இதை யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அண்ணன் ஒத்துக்கொண்டிருக்க மாட்டார்.

மொட்டைமாடியில் மீன்முள் மாதிரி நின்ற ஆண்டெனா ஜப்பான் சரக்கு. 1926ல் தொஹோகு பல்கலைக்கழகத்தில் உதா என்பவர் மாங்கு மாங்கென்று ஆராய்ச்சி செய்தார். அவருடைய பேராசிரியர் யாகி அதைப் பற்றி ஆங்கிலத்தில் கட்டுரை எழுதினார். உலகம் அதற்கு யாகி ஆண்டெனா என்று பெயர் வைத்துவிட்டது. ஆராய்ச்சி மாணவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இருக்காது. ஆனால் ஜப்பானை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இந்த வரலாறு முழுக்க அவர்கள் வந்துகொண்டே இருப்பார்கள், பில்லோடு.

சிவானந்தா சாலையில் நிற்கிற தூர்தர்ஷன் கோபுரம் எங்களுக்குக் கூப்பிடு தூரம். செங்கல்பட்டுக்காரன் சிக்னல் வரவில்லையே என்று அழுதான். எங்களுக்கு வந்த சிக்னல் தாங்கவில்லை. அலை நேராகவும் வரும், எல்ஐசி மாதிரி உயரக் கட்டடங்களில் முட்டிக்கொண்டு ஒரு மைக்ரோ செகண்ட் பிந்தியும் வரும். ஷோபனா ரவி செய்தி வாசித்தால் அவர் தோளுக்குப் பக்கத்தில் வெளிறிப்போன இன்னொரு ஷோபனா ரவியும் அதே செய்தியை வாசிப்பார். இரண்டு பேர் சொன்னால் உண்மையாகத்தான் இருக்கும் என்று நம்பினோம்.

இந்த ஆவியை ஓட்ட ஒருவர் மாடியில், ஒருவர் ஜன்னலில், ஒருவர் டிவி முன்னால்.

“வந்துச்சா?”

“வரலப்பா!”

“இப்போ?”

“வந்துச்சு! விட்டுடுங்க! ஐயோ, போச்சு!”

“வந்துச்சு” என்பது மூன்று மாடி ஏறிப் போய்ச் சேர்வதற்குள் அப்பா கம்பியை இன்னும் கொஞ்சம் திருப்பியிருப்பார். கையால் பிடித்திருந்தால் படம் தெளிவாக இருக்கும், விட்டால் போய்விடும் என்று கண்டுபிடிக்கப்பட்ட வீடுகளில், செய்தி முடிகிற வரை அப்பா கீழே இறங்கவில்லை.

இப்படிக் கஷ்டப்பட்டுப் பக்கத்துக் கோபுரத்தைப் பிடித்த நாங்கள், பிடித்ததும் என்ன செய்தோம்? ஆண்டெனாவை இலங்கைப் பக்கம் திருப்பினோம். 1982 பிப்ரவரி 15 அன்று ரூபவாஹினி தொடங்கியது. ஜப்பான் கொடுத்த பணத்தில் எழுந்த நிலையம் (வந்துவிட்டார்களா?). இலங்கையின் மிக உயர்ந்த மலையான பிதுருதலாகலையில், 2500 மீட்டருக்கு மேலே, கோபுரம். சென்னைக்கு அது 600 கிலோமீட்டருக்கும் அதிக தூரம். ஆனால் கோடையில் கடலுக்கு மேலே சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் அடுக்கடுக்காக நின்றால், நடுவில் அலைக்கு ஒரு சுரங்கப்பாதை கிடைத்துவிடும். ராமர் பாலத்தைக் கல்லால் கட்டினார். நாங்கள் அலுமினியக் குழாயும் பூஸ்டரும் வைத்துக் கட்டினோம். வானரப் படையும் எல்லா வீட்டிலும் இருந்தது. கூத்து என்னவென்றால், 1987ல் தூர்தர்ஷன் ராமாயணம் போட ஆரம்பித்ததும், ஞாயிற்றுக்கிழமை காலையில் ராமரைப் பார்ப்பதற்காக ஆண்டெனாவை இலங்கையிலிருந்து திருப்ப வேண்டியிருந்தது.

அடுத்தது டெக் காலம். விசிஆர் என்று கடைக்காரர் சொல்வார். மனிதர்கள் டெக் என்றுதான் சொன்னார்கள். ஜப்பானில் சோனி 1975ல் பீட்டாமேக்ஸை இறக்கியது, மறு வருஷமே ஜேவிசி விஎச்எஸ்ஸை இறக்கியது. பீட்டாவில் படம் துல்லியமாக இருக்கும், விஎச்எஸ்ஸில் படம் முழுசாக இருக்கும். முதல் பீட்டா கேசட் ஒரு மணி நேரம்தான் ஓடியது. தமிழ்ப் படத்தில் ஒரு மணி நேரத்தில் இடைவேளைகூட வராது. பீட்டா தோற்றதற்கு மேல்நாட்டு நிபுணர்கள் பக்கம் பக்கமாகக் காரணம் எழுதியிருக்கிறார்கள். பர்மா பஜாரில் ஒரு பையனைக் கேட்டிருந்தால் ஒரே வரியில் சொல்லியிருப்பான்.

டெக்கும் டிவியும் மூன்று கேசட்டும் ஒரு ராத்திரி வாடகைக்கு வரும். கூடவே சட்டைப் பையில் ஸ்க்ரூ டிரைவரோடு ஒரு தம்பி வருவான். அவன்தான் அன்றைய ராத்திரியின் மகாராஜா. சாப்பிட்டாயா என்று எல்லோரும் கேட்பார்கள். ஆண்டெனா ஒயரைப் பிடுங்குவான், டெக்கிலிருந்து வருகிற கறுப்பு ஒயரை அந்த இடத்தில் செருகுவான். அப்போதைய டிவிக்கு ஆண்டெனா ஓட்டையைத் தவிர வேறு வாசல் கிடையாது. அதனால் டெக் தன்னை ஒரு குட்டி தூர்தர்ஷனாகப் பாவித்துக்கொண்டு மூன்றாம் சேனலிலோ நான்காம் சேனலிலோ ஒளிபரப்பு நடத்தும். மாடியில் இரண்டு வீட்டுக்கும் ஒரே ஆண்டெனா என்றால், நள்ளிரவுக்கு மேல் இந்த வீட்டில் ஓடிய படம் அந்த வீட்டு டிவியிலும் லேசாகத் தெரியும். காலையில் குழாயடியில் அந்த வீட்டு மாமி பார்க்கிற பார்வையே தனி.

வெளிநாட்டிலிருந்து டெக் வந்த வீடுகளின் கதை இன்னும் பரிதாபம். லண்டன் மாப்பிள்ளை கொண்டுவந்த டெக்கில் படம் ஜோராக வரும், சத்தம் வராது. படத்திலிருந்து 6 மெகாஹெர்ட்ஸ் தள்ளிச் சத்தத்தை வைப்பது லண்டன், ஹாங்காங் வழக்கம். நம் ஊர் டிவி 5.5ல் காதை வைத்துக்கொண்டு காத்திருக்கும். அமெரிக்க மாப்பிள்ளையின் டெக்கில் படம் உருளும், கலர் வராது. அந்த ஊர் முறையே வேறு. 110 வோல்ட் பெட்டியை நம் பிளக்கில் செருகிவிட்டால் அதற்கெல்லாம் முன்பே புகை வந்துவிடும். அத்தனை மாப்பிள்ளைகளின் மானத்தையும் காப்பாற்றியது ரிச்சி தெரு, நரசிங்கபுரம் தெரு மெக்கானிக்குகள். மூடியைக் கழற்றி, உள்ளே ஒரு காயிலைப் பிளாஸ்டிக் குச்சியால் அரைச்சுற்றுத் திருப்புவார்கள், சத்தம் வந்துவிடும். அவர்களில் எத்தனை பேர் பாலிடெக்னிக் வாசலை மிதித்தார்களோ, தெரியாது. டெக்குக்கு அது தேவைப்படவில்லை.

ரிச்சி தெருவுக்குப் பக்கத்திலேயே மீரான் சாகிப் தெரு. அங்கே சினிமா விநியோகஸ்தர்களின் ஆபீஸ்கள். ஒரு தெருவில் படத்தை ஏரியா ஏரியாவாக விற்றார்கள். அதற்கு நாலு எட்டு தள்ளி அதே படத்தைக் கேசட்டுக்குக் கேசட் நகலெடுக்கத் தேவையான ஒயரை மீட்டர் கணக்கில் விற்றார்கள். இரண்டு தரப்பும் ஒரே டீக்கடையில் டீ குடித்தன. சென்னையின் மதநல்லிணக்கம் பற்றிப் பேசுகிறவர்கள் இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இந்தக் கறுப்பு ஒயர் ஆட்சியே அமைத்திருக்கிறது. 1984 டிசம்பர் தேர்தலின்போது எம்.ஜி.ஆர். நியூயார்க்கின் புரூக்ளினில் ஆஸ்பத்திரியில் இருந்தார். பிழைத்துவிட்டாரா என்பதே வதந்தியாக இருந்தது. அவர் சாப்பிடுவதையும் பேப்பர் பார்ப்பதையும் எடுத்த வீடியோ வந்து இறங்கியது. தமிழ்நாடு முழுக்கப் போட்டுக் காட்டினார்கள். ஒரு முனையில் புரூக்ளின், மறு முனையில் ஆண்டிப்பட்டி. வேட்பாளர் தொகுதிக்குள் காலே வைக்காமல் ஆண்டிப்பட்டியில் ஜெயித்தார், கட்சி 132 இடங்களைப் பிடித்தது. வெற்றிக்கு அனுதாபம் காரணம், கூட்டணி காரணம் என்று அரசியல் விமர்சகர்கள் எழுதினார்கள். ஊர் ஊராகப் போய் டெக்கை மாட்டி, மூன்றாம் சேனலைத் திருகிப் படம் வரவழைத்த தம்பிகளைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. அவர்களில் ஒருவருக்காவது வாரியத் தலைவர் பதவி கொடுத்திருக்கலாம்.

பிறகு கேபிள்காரர்கள் வந்தார்கள். முதலில் ஒரு டெக்கை வைத்துக்கொண்டு தெருவுக்கே படம் காட்டினார்கள். தொண்ணூறுகளில் டிஷ் வைத்து ஆகாயத்தையே இறக்கினார்கள். 1993 ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டன்று சன் டிவி வந்தபிறகு கேபிள் இல்லாத வீட்டில் பெண் கொடுக்க யோசித்தார்கள். பேட்டையின் ஒட்டுச்சுவர் வீடுகளுக்கு இது வசதி. மாடிக்கு மாடி, கம்பத்துக்குக் கம்பம், வேப்பமரத்துக்கு முருங்கைமரம் என்று கறுப்பு ஒயர் ஓடியது. நெசவாளர்கள் பாவு ஓட்டிய தெருவில் மறுபடியும் பாவு.

இந்தக் கோஆக்சியல் ஒயர் 75 ஓம் சமாச்சாரம். நடுவில் ஒரு செம்புக் கம்பி, சுற்றிலும் வெள்ளை நுரை, அதைச் சுற்றி வலை. வலை வெளிச்சத்தத்தைத் தடுக்கும், உள்சிக்னலைக் காக்கும். அதை ஒழுங்காகப் பின்னில் மாட்டினால்தான் காக்கும். எங்கள் ஊர் வழக்கம் வேறு: பல்லால் கடித்து உரி, முறுக்கு, கறுப்பு டேப் சுற்று. முறுக்கின இடத்தில் சிக்னல் முட்டித் திரும்பும். ஓட்டிவிட்டதாக நினைத்த ஷோபனா ரவியின் ஆவி கேபிள் வழியாகத் திரும்பி வந்தது. வீட்டுக்காரர் ஒரு இணைப்பு வாங்கி, ஸ்ப்ளிட்டர் போட்டு நான்கு குடித்தனத்துக்குப் பிரித்துவிடுவார். ஒவ்வொரு குடித்தனத்துக்கும் போவது கால் பங்குக்கும் குறைவு. வாடகையை மட்டும் அவர் பிரிக்கவில்லை.

2003 செப்டம்பர் 1 அன்று சர்க்கார் ஒரு பரிசோதனை செய்தது. கட்டணச் சேனல் வேண்டுமானால் செட்டாப் பாக்ஸ் வாங்கு என்றது. டெல்லி, பம்பாய், கல்கத்தா மூன்றும் அப்போதைக்கு நழுவிக்கொள்ள, சென்னை மட்டும் சொன்ன பேச்சைக் கேட்டது. பாக்ஸோடு வீட்டுக்குள் நுழைந்தது மூவண்ண ஒயர்: மஞ்சள், சிவப்பு, வெள்ளை. மஞ்சள் படம், வெள்ளை இடதுபக்கச் சத்தம், சிவப்பு வலதுபக்கச் சத்தம். இந்தப் பின்னைச் செய்தது அமெரிக்காவின் ஆர்சிஏ கம்பெனி, கிராமபோனை ரேடியோவோடு இணைப்பதற்காக, டிவி பரவுவதற்கு முன்பே. பழைய டிவியில் ஒரு ஸ்பீக்கருக்குத்தான் ஓட்டை. ஆக மஞ்சளும் வெள்ளையும் வேலைக்குப் போகும், சிவப்பு வீட்டோடு மாப்பிள்ளையாகத் தொங்கிக்கொண்டிருக்கும்.

டிவிடியோடு காம்பொனென்ட் ஒயர் வந்தது, குழப்பம் முற்றியது. அதில் பச்சை, நீலம், சிவப்பு மூன்றும் படத்துக்கு. சத்தத்துக்குத் தனியாக வெள்ளையும் இன்னொரு சிவப்பும். ஒரே பெட்டிக்குப் பின்னால் இரண்டு சிவப்பு! தமிழ்நாட்டில் இரண்டு கம்யூனிஸ்ட் கட்சிகளுக்குள் வித்தியாசம் கண்டுபிடிப்பதைவிட இது கஷ்டம். மாற்றிச் செருகினால் கதாநாயகி பச்சை பூத்துப் போவார், ஸ்பீக்கர் உர்ரென்று உறுமும். மஞ்சள் ஒயரைப் பச்சை ஓட்டையில் செருகினாலோ படம் கறுப்பு வெள்ளையில் வரும். வாங்கின கலர் டிவியில் கலர் இல்லை என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போனவர்கள் பலர். ஒயரை ஓர் ஓட்டை தள்ளி மாட்டிவிட்டு, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்கள். அதே காலத்தில்தான் கையகல ஸ்பீக்கரின் மேல் 5000 வாட்ஸ் பிஎம்பிஓ என்று ஒட்டி விற்றார்கள். அது உண்மையென்றால் தெருவிலேயே ஃப்யூஸ் போயிருக்கும்.

இந்த ஒயர்க் காட்டை ஒழிக்க ஏழு கம்பெனிகள் கூடின: ஹிட்டாச்சி, மட்சுஷிட்டா, சோனி, தோஷிபா, பிலிப்ஸ், தாம்சன், சிலிக்கான் இமேஜ். ஏழில் நான்கு ஜப்பான். 2002 டிசம்பரில் எச்டிஎம்ஐ பிறந்தது. 19 முனைகள், ஒரே ஒயர்; படமும் சத்தமும் அதிலேயே. கூடவே ஒரு போலீஸ்காரரும் அதிலேயே. பாக்ஸும் டிவியும் ஒன்றையொன்று “நீ திருடன் இல்லையே?” என்று கேட்டுக் கைகுலுக்கினால்தான் படம் வரும். மீரான் சாகிப் தெரு ஐம்பது வருஷமாகக் கேட்ட கேள்வியை ஒயருக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். சில நாள் இரண்டுக்கும் மனஸ்தாபம் வந்து திரை கறுத்துவிடும். ரிச்சி தெரு வைத்தியம்: இரண்டையும் அணை, ஒயரைப் பிடுங்கு, மறுபடி செருகு, முதலில் டிவியைப் போடு.

சிக்கல் ஒழிந்ததும் வியாபாரத்துக்கு என்ன வழி? தங்கம். ஒரே தெருவில் நூறு ரூபாய்க்கும் எச்டிஎம்ஐ ஒயர் கிடைக்கும், ஆயிரக்கணக்கிலும் கிடைக்கும்.

“சார், இது கோல்டு பின். படம் அப்படியே உயிரோட நிக்கும்.”

“அதுல?”

“அதுலயும் வரும் சார். ஆனா இதுல வர்றது வேற மாதிரி.”

வேற மாதிரி வராது. பழைய மஞ்சள் ஒயரில் மட்டமான சரக்கென்றால் படம் மங்கும், கலர் கசியும். எச்டிஎம்ஐயில் ஓடுவது ஒன்றும் பூஜ்யமும். அவை போய்ச் சேர்ந்தால் படம் முழுசாக வரும். பாதியில் தவறினால் வெள்ளைப் பொறி பறக்கும், அல்லது திரை கறுக்கும். சுமாரான படம் என்று நடுவில் ஒன்று கிடையாது. தங்க முலாம் துருவைத் தடுக்கும், அவ்வளவுதான். கூவத்துக் காற்று அடிக்கிற எங்கள் வீட்டில் அதற்குக் கொஞ்சம் மரியாதை உண்டு. மற்றபடி தங்கம் வாங்க வேண்டிய இடம் தி. நகர்.

பணத்தை யோசிக்க வேண்டியது நீளத்தில். இரண்டு மூன்று மீட்டருக்குள் நூறு, இருநூறு ரூபாய் ஒயரே போதும். ஐந்து மீட்டரைத் தாண்டி 4கே படத்தை இழுத்தால் சாதாரணச் செம்பு திணறும். சீலிங்கில் புரொஜெக்டர் மாட்டுகிறவர்கள் உள்ளே ஒளியிழை ஓடுகிற ஒயராகக் கேட்டு வாங்குங்கள். அதற்குத் தலை, வால் உண்டு. பாக்ஸ் பக்கம் எது, டிவி பக்கம் எது என்று எழுதியிருக்கும். சுவருக்குள் பதித்துப் பூசிய பிறகு அதைப் படிக்காதீர்கள். “2.1 ஒயர்” என்று கேட்டால் கொடுப்பார்கள், ஆனால் ஒயருக்கு அப்படி நம்பர் கிடையாது, அது பெட்டிக்கு. ஒயரின் மேல் ஹை ஸ்பீட், பிரீமியம் ஹை ஸ்பீட், அல்ட்ரா ஹை ஸ்பீட் என்று அச்சடித்திருக்கும். சாதாரண 4கே டிவிக்கு நடுவில் உள்ளது போதும். கேம் ஆடுகிற பையன் இருந்தால் கடைசி. சவுண்ட் பாரை டிவியில் ஏஆர்சி என்று எழுதியிருக்கிற ஓட்டையில் மட்டும் மாட்டுங்கள். மற்ற ஓட்டைகளில் படம் வரும், டிவியின் சத்தம் பாருக்குப் போகாது. பார் கெட்டுப்போச்சு என்று தூக்கிக்கொண்டு வருகிறவர்களைத் தெருவில் தினமும் பார்க்கலாம்.

கிளம்புவதற்கு முன் டிவியின் பின்பக்கத்தைப் போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் கேட்கிற முதல் கேள்வி “பின்னாடி என்ன ஓட்டை இருக்கு?” என்பதுதான், “பெரிய டிவி சார், ஐம்பத்தஞ்சு இன்ச்” என்பது அதற்குப் பதில் ஆகாது. சிந்தாதிரிப்பேட்டை ஸ்டேஷனில் இறங்கி நடந்தே வந்துவிடலாம். வண்டி கொண்டுவந்தால் நிறுத்த இடம் கிடைக்காது. ஞாயிற்றுக்கிழமை வராதீர்கள், பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும்.